ஒட்டகம் எழுந்து நின்ற கிறிஸ்துமஸ்

ஹம்ப்டனைப் பற்றி உலகத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ரோட்டோரான் என்ற பொம்மை வரிசையில் லாரியாக மாறும் ரோபோ உண்டு, போர்விமானமாக மாறுவது உண்டு, முதலையாக மாறுவதுகூட உண்டு. அவற்றுக்காகப் பிள்ளைகள் கடைவாசலில் உருண்டு புரண்டார்கள். ஒட்டகமாக மாறும் ரோபோவுக்காக எந்தப் பிள்ளை உருளும்? கார்ட்டூனிலும் அவன் ஒரே ஒரு நாள்தான் வந்தான். மூன்று வசனம் பேசி, மற்றவர்களுக்குப் பாலைவனத்தில் வழிகாட்டினான். அவர்கள் அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பொம்மையாகவும் அவன் கதை அதேதான். முதலில் நீல நிறத்தில் வந்தான், விற்கவில்லை. சாம்பல் நிறத்தில் மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள், அதுவும் விற்கவில்லை. மூன்றாவதாக மணல் நிறத்தில் வரப்போகிறான் என்று கேட்டலாக்கில் ஒரு மூலையில் படம் போட்டார்கள். அதற்குள் நிறுவனமே கடையை மூடிவிட்டது. மூன்றாவது ஹம்ப்டன் வெளிவரவே இல்லை என்பதுதான் உலகம் முழுக்க உள்ள சேகரிப்பாளர்கள் சேர்ந்து எழுதிவைத்த தீர்ப்பு.

ஜீனா ஒருத்திதான் 'வந்தது' என்றாள். எங்கே வந்தது என்று கேட்டால் பாறசாலையில் வந்தது என்றாள். டென்மார்க்கிலும் பிரேசிலிலும் இருந்துகொண்டு இதைப் படித்தவர்கள் வரைபடத்தில் பாறசாலையைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அவள் அசரவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஜாதி அவள். ஆனால் இந்த முயலை அவள் கையால் பிடித்திருந்தாள், கால்களையும் எண்ணியிருந்தாள்.

பாறசாலைக்குப் பக்கத்தில், தனுவச்சபுரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மொபைல் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள் ஜீனா. கல்லூரிப் பிள்ளைகள் உடைந்த திரைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அவளிடம் வருவார்கள். கடையின் பின்சுவரில் கண்ணாடி அலமாரி நிறைய ரோட்டோரான்கள். சேகரிப்பாளர்களின் இணையக் களஞ்சியத்தில் அந்த வரிசையைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவருபவளும் அவள்தான். இப்போது அதையெல்லாம் தொகுத்து லார்ஸ் என்ற டென்மார்க்காரர் புத்தகமாகப் போடுகிறார். டிசம்பர் தொடக்கத்தில் அவர் மரியாதையாக, ஆனால் கறாராக எழுதினார். கிறிஸ்துமஸ் நாள் முடிவதற்குள் ஆதாரம் வந்தால் மூன்றாம் வெளியீடு புத்தகத்தில் ஏறும். வராவிட்டால் 'வெளியாகவில்லை' என்று அச்சாகும். ஆதாரமில்லாமல் எழுதியவர் என்று அவள் பெயர் களஞ்சியத்திலிருந்தும் நீக்கப்படும்.

பொய் சொன்னாள் என்று பெயர் வருவது அவளுக்குப் புதிதல்ல. அதனால்தான் இம்முறை விடக்கூடாது என்று உறுதியாக இருந்தாள்.

ஒன்பது வயதில், அவர்களுடைய பழைய மிஷன் சபையில், பலிபீடப் படிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த புல்க்கூட்டின், அதாவது இயேசு பிறந்த குடிலின், முன்னால் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வாலிபர்கள் வைக்கோல் பரப்பி, மாட்டையும் ஆட்டையும் மூன்று ராஜாக்களையும் நிறுத்திவைத்திருந்தார்கள். ராஜாக்களுக்குப் பின்னால் புது ஒட்டகம் ஒன்று. ஜீனா அதன் திமிலை அமுக்கினாள். உள்ளே ஸ்பிரிங் விடுபட்டது. முன்கால்கள் கைகளாகி மேலே போயின, கழுத்து முதுகுக்குள் இறங்கியது, திமில் பிளந்து உள்ளேயிருந்து இரண்டு கொம்பும் சிவந்த கண்ணுமாக ஒரு முகம் வந்தது. ஒட்டகம் ஆளாக எழுந்து நின்றது.

அவள் வாசலுக்கு ஓடினாள். அங்கே அவள் அப்பா விஜயதாஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அதற்குள் வைக்கோலில் நிலைகொள்ளாத ரோபோ தலைகுப்புற விழுந்திருந்தது. தலை அமுங்கினால் மறுபடி மடங்கிக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருந்தார்கள். விஜயதாஸ் வந்து பார்த்தபோது ஒட்டகம் ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது, அவ்வளவுதான். ஜீனா மறுபடி தொடுவதற்குள் அவர் அதை எடுத்து, ஆடாமல் நிற்கட்டும் என்று திமிலில் பசை வைத்துக் கெட்டியாக்கி, கால்களைப் பலகையில் ஒட்டிவிட்டார்.

விஜயதாஸ் பஸ் கண்டக்டர். ஒரு கதை கிடைத்தால் ஸ்டாண்டு ஸ்டாண்டாக இறக்கிவிட்டுத்தான் ஓய்வார். அன்று ஆராதனை முடிந்ததும் சபை முழுக்க அவரைச் சுற்றி நின்றது. "எனக்க மக கண்டாளாம், ஒட்டகம் எழும்பி ஆளா நிண்ணு கும்பிட்டுதாம்" என்று நடித்தும் காட்டினார். சிரிப்பு கூரை ஓட்டைத் தட்டியது. அன்றிலிருந்து அவள் ஒட்டகம் ஜீனா. பள்ளியில் ஒட்டகம், பஸ்ஸில் ஒட்டகம், கடை திறந்த பிறகு 'ஒட்டகத்துக்க கடை'. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவளும் சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டாள். ஆனால் உள்ளே அது வலித்தது. கண்ணால் கண்டதைச் சொன்னதற்குத்தானே இந்தப் பெயர் என்று ஒவ்வொரு முறையும் வலித்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவள் பாறசாலைச் சந்தைக்குப் போனாள். கூடவே விஜயதாஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மகளின் ஸ்கூட்டர் பின்சீட்டில் உட்கார்ந்து வழிநெடுக வக்கணை பேசுவதுதான் இப்போது வேலை. ஃபேன்சி ஸ்டோர் பொன்னப்பன் நட்சத்திரங்களுக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்திருந்தார். மணல் நிற ஒட்டகம் என்றதும் அவருக்கு உடனே நினைவு வந்தது.

"பட்டணத்துல, சாலைக் கடைத்தெருவுல ஒரு சாக்கு நிறைய கெடந்து எடுத்தேன் மக்கா. எல்லாம் அட்டையில ஒட்டி இருந்து. அட்டையப் பாத்தா கொம்பும் சொவந்த கண்ணுமா ஒரு பிசாசுக்க படம்! புல்க்கூட்டுல வைக்க பிசாச யாராவது வாங்குவினுமா? நான் அட்டையெல்லாம் கிழிச்சு அடுப்புல போட்டேன். ஒட்டகம் நல்ல ஒட்டகமாக்கும். ஒண்ணு மிச்சமில்லாம வித்துப்போச்சு."

ஜீனா தலையில் கைவைத்தாள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத மூன்றாம் வெளியீட்டின் அட்டைகள் மொத்தமும் இந்த மனிதர் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்திருக்கின்றன.

"மாமா, அது திமில அமுக்கினா ஆளாட்டு மாறும். ஒங்களுக்குத் தெரியாதா?"

"கால் ஆடுது, திமில் ஆடுதுன்னு சிலபேரு திருப்பிக்கொண்டு வந்தினும். ஒரு சொட்டு பசை வையுங்கோன்னு நான்தான் சொன்னேன். பின்ன வாங்கினவங்க எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லியாச்சு."

ஆகப் பாறசாலை முதல் பூவார் வரை எல்லாப் புல்க்கூட்டிலும் ஹம்ப்டன் கைகால் கட்டப்பட்டு நின்றான். ஜீனா ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தாள். அவர்கள் சபை ஒட்டகத்தைப் பண்டிகை முடியாமல் தொடக்கூடாது என்று செயலாளர் சொல்லிவிட்டார். பூவாரில் ஒரு படகு ரிசார்ட்டில் இருந்ததற்குத் தங்க வர்ணம் பூசி, பசையில் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள்.

"ஒட்டாத ஒண்ணு உண்டா மாமா?"

பொன்னப்பன் தாடையைத் தடவினார். "குளத்தூர் கார்த்தியாயினி ஒண்ணு கொண்டுபோனா. பசை வேண்டாமுன்னு சொன்னவ அவ ஒருத்திதான். அவளுக்க ஒட்டகம் முட்டுகுத்துமாக்கும்."

மண்டியிடும் ஒட்டகம்! ஜீனா அப்போதே ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

கார்த்தியாயினி குளத்தூரில் சாலையோரத்தில் வருடந்தோறும் புல்க்கூடு கட்டுகிறவள். கோயில் கொடைக்கு முளைப்பாரி எடுப்பதும் அவள்தான், கிறிஸ்துமஸுக்கு வைக்கோல் சுமப்பதும் அவள்தான். சாமிகளுக்குள் என்ன கணக்கு என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை, கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அவள் புல்க்கூட்டின் விசேஷமே அந்த ஒட்டகம். மற்ற நாளெல்லாம் நின்றுகொண்டிருக்கும். பிள்ளை பிறந்த அன்று காலை கார்த்தியாயினி அதன் கால்களை மடக்கித் தொட்டிலுக்கு முன்னால் மண்டியிட வைப்பாள். அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

ஜீனா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். ஒட்டகத்துக்குள்ளே ஒரு ரோபோ இருக்கிறது, அதை எழுப்பிப் படமெடுக்க வேண்டும், எடுத்ததும் பழையபடி மடக்கித் தந்துவிடலாம்.

"ஒடைஞ்சா?" என்றாள் கார்த்தியாயினி.

"பழைய பிளாஸ்டிக்காக்கும் அக்கா. ஒடையாதுன்னு சத்தியம் செய்ய மாட்டேன். ஆனா சூடு காட்டி எளக்கினா ஒடையாது. நான் தெனம் செய்யிற வேலைதான்." ஜீனா பையிலிருந்து போன் திரைகளைப் பிரிக்கும் சூடுகாற்றுக் கருவியை எடுத்து வைத்தாள்.

கார்த்தியாயினி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயாக்குமா அந்த ஒட்டகம் ஜீனா?"

"நான்தான்."

பின்னால் விஜயதாஸ் கனைத்தார். ஒரு வக்கணை தயாராவதற்கான கனைப்பு. கார்த்தியாயினி அவரை ஒரு பார்வை பார்த்ததும் அது தொண்டையோடு நின்றது.

"செரி. ஆனா எனக்க ஒட்டகத்துல நீ கை வைக்காண்டாம்," என்றாள் கார்த்தியாயினி. "இதுக்க காலு எம்புட்டு மடங்குமுன்னு எனக்குத்தான் தெரியும். நீ சொல்லு, நான் செய்யுதேன்."

பக்கத்து வீட்டுக்காரர்களும், பஸ்ஸுக்கு நின்றவர்களும் கூடிவிட்டார்கள். ஜீனா மூட்டுகளில் சூடுகாற்றைக் காட்டிக்கொண்டே சொல்லச்சொல்ல, கார்த்தியாயினி செய்தாள். முன்கால் இரண்டையும் மடக்க வேண்டும். பின்கால்களை நேராக்க வேண்டும். அடிவயிற்றை இடது கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். "இப்ப திமில அமுக்குங்க அக்கா. மெதுவா, விடாம."

ஒன்றும் நடக்கவில்லை. கார்த்தியாயினியின் கட்டைவிரல் வெளுத்தது. உள்ளே என்னவோ முனகியது. "போதும் மக்கா, ஒடைஞ்சிரும்," என்றார் விஜயதாஸ்.

"ஒடையாது. அமுக்குங்க."

டக்கென்று ஸ்பிரிங் விடுபட்டது. கால்கள் கைகளாகி எழுந்தன, கழுத்து இறங்கியது, திமில் பிளந்தது. கார்த்தியாயினியின் உள்ளங்கையில் இரண்டு கொம்பும் சிவந்த கண்ணுமாக ஹம்ப்டன் நின்றான். தன் மூன்றாம் வெளியீட்டில், புத்தம்புது முகத்தோடு, குளத்தூர் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்க பகவதி!" என்றாள் கார்த்தியாயினி. "இத்தன வருஷம் இவன் எனக்க வீட்டுப் பரண்லயா இருந்தான்?"

ஜீனா குனிந்து பார்த்தாள். ஒன்பது வயதில் பார்த்த அதே முகம். கண் நிறைந்துவிட்டது, ஆனால் கை வேலையை மறக்கவில்லை. நெஞ்சுத்தகட்டைத் திறந்து, உள்ளே இருந்த நிறுவன முத்திரையோடு எல்லாப் பக்கமும் படமெடுத்து, அங்கே நின்றபடியே லார்ஸுக்கு அனுப்பினாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். விஜயதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். 

லார்ஸின் பதில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், கடையில் அப்பாவும் மகளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. படங்கள் அற்புதம், முத்திரை உண்மையானது, மணல் நிறமும் உண்மை. ஆனால் ஒரு சிக்கல். நிறுவனம் மூடி வெகுகாலம் கழித்து யாரோ அந்தப் பழைய அச்சைத் திருடிச் சில பொம்மைகளை வார்த்திருக்கிறார்கள். அவை வெளியீட்டுக் கணக்கில் வராது. இது நிறுவனம் மூடிய அந்த வருடத்திலேயே விற்றது என்று காட்ட அட்டை வேண்டும். அட்டை இல்லாவிட்டால் வருடத்துக்கு வேறு ஏதாவது சாட்சி வேண்டும்.

ஜீனா போனைக் கவிழ்த்து வைத்தாள். அட்டை பொன்னப்பனின் அடுப்பில் சாம்பலாகி எத்தனையோ காலமாகிவிட்டது. அவள் தோள் தொங்கியதை விஜயதாஸ் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னவாக்கும் அவரு கேக்குது?"

"எந்த வருஷம் இங்க வந்துன்னு சாட்சி வேணுமாம் அப்பா. நான் கண்டேன்னு நான் சொன்னா போராது."

விஜயதாஸ் தேநீரைக் கீழே வைத்தார்.  பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் ஒன்னெ களியாக்கிச் சிரிச்சது எந்த கிறிஸ்மஸ் மக்கா?"

"அது இப்ப என்னத்துக்கு?"

"சொல்லு."

"சபைக்குப் புது மணி வந்த கிறிஸ்மஸ். பிரதிஷ்டை முடிஞ்ச ஒடனதானே நீங்க எல்லாருக்கும் நடிச்சுக் காட்டினீங்க."

"அந்த மணியில வருஷம் வார்த்திருக்கு," என்றார் விஜயதாஸ். "அண்ணைக்கு சபையில எத்தன பேரு சிரிச்சா?"

"எல்லாரும்தான்."

"ஒட்டகம் எழும்பி ஆளா நிண்ணுதுன்னு நீ அண்ணைக்குச் சொன்னதுக்குத்தான் அவங்க எல்லாரும் சிரிச்சது. அப்ப எல்லாரும் சாட்சியாக்கும் மக்கா. இந்த ஊரு முழுக்க ஒனக்குச் சாட்சி உண்டு. எந்திரி, நீ போனுக்கு சார்ஜ் போடு."

ஜீனா அப்பாவையே பார்த்தாள். தோள் தானாக நிமிர்ந்தது.

மறுநாள் காலை ஆராதனை முடிந்ததும் யாரும் கேக்குக்கு ஓடவில்லை. விஜயதாஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்க்கிறவர்களை மறித்த பழக்கம் கைகொடுத்தது. முதலில் மணிக்கூண்டில் ஏறி, வார்த்திருந்த வருடத்தை, நிறுவனம் மூடிய அதே வருடத்தை, ஜீனா படமெடுத்தாள். பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக போனுக்கு முன்னால் வந்தார்கள். குளத்தூரிலிருந்து கார்த்தியாயினி, விடியலிலேயே மண்டியிட வைத்து முடித்துவிட்டு, பட்டுப்புடவையில் ஹம்ப்டனைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பொன்னப்பனும் வந்திருந்தார். அட்டையைக் கிழித்து எரித்தது நான்தான் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிசாசு என்று நினைத்ததற்கு ஹம்ப்டனிடம் மன்னிப்பும் கேட்டார்.

ஜீனாவோடு படித்த சுஜி வந்தாள். "புது மணி வந்த கிறிஸ்மஸ். ஒட்டகம் ஆளாட்டு மாறிச்சுன்னு இவ சொன்னா. நான் சிரிச்சேன்."

பாடகர் குழுவின் கனகதாஸ் வந்தார். "ஒட்டகம் ஜீனான்னு பள்ளிக்கூடத்துல மொதல்ல விளிச்சது நானாக்கும். அந்த வருஷம்தான்." அவர் முகம் சிவந்திருந்தது.

செயலாளர் வந்தார், ஞாயிறுபள்ளி டீச்சர் வந்தார், ஜீனாவின் அம்மா ஆனந்தபாய்கூட வந்தாள். "பெத்தவ நானும் சிரிச்சேன்," என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை வருடமும் ஜீனாவைக் குத்திய சிரிப்பு ஒவ்வொன்றும் இப்போது பெயர் சொல்லி, வருடம் சொல்லி, அவள் பக்கத்தில் வந்து நின்றது.  போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் விஜயதாஸ் வந்தார். பழைய கதையை முழுவதும் நடித்துக் காட்ட வேண்டும் என்று கனகதாஸ் கேட்டார். அவரும் தொடங்கினார். ஓடிவந்தது, கையைப் பிடித்து இழுத்தது, ஒருக்களித்துக் கிடந்தது எல்லாம் ஆயிற்று. ஆனால் எழுந்து நிற்கும் இடம் வந்தபோது நடிப்பு நின்றுவிட்டது.

"மொதல்ல சிரிச்சவன் நானாக்கும்," என்றார் கேமராவிடம். "எனக்க மக உள்ளதைத்தான் சொன்னா."

லார்ஸ் அன்று மாலைக்குள்ளேயே பதில் போட்டார். வீடியோவை இரண்டு முறை பார்த்ததாகவும், ஒரு பொம்மையின் வெளியீட்டுக்கு ஓர் ஊரே சாட்சி சொன்னது ரோட்டோரான் சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை என்றும் எழுதியிருந்தார். புத்தகத்தில் அச்சாகப்போகும் பக்கத்தையும் இணைத்திருந்தார். ஹம்ப்டன், மூன்றாம் வெளியீடு, மணல் நிறம். விற்ற இடம் பாறசாலை. முதலில் கண்டவர் ஜீனா விஜயதாஸ், வயது ஒன்பது.

அப்பாவிடம் காட்ட அவள் வீட்டில் தேடினாள், இல்லை. சபையில் இருப்பதாக அம்மா சொன்னாள். போய்ப் பார்த்தால், விஜயதாஸ் பலிபீடப் படியில் புல்க்கூட்டுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பலகையோடு சபை ஒட்டகம், கையில் பிளேடு. திமிலைச் சுற்றிக் கெட்டிப்பட்டிருந்த பழைய பசையைத் துளித்துளியாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். செயலாளர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பிளேடு போட்டா கீறல் விழும்."

"நான் ஒட்டினதுதானே. நான்தான் எளக்கணும்." அவர் தலை நிமிரவில்லை. "நிண்ணு பாக்காம போய் அந்த சூடு காட்டுற சாதனத்த எடுத்துட்டு வா மக்கா. நீ அண்ணைக்குக் கண்டத இண்ணைக்கு எனக்குக் காட்டு."